உட்காரச் சொல்லாதீங்க, அண்ணி!

ஒரு வாரமாக அந்த வீட்டில் 'அண்ணி' என்ற சொல் காணாமல் போயிருந்தது.

திருட்டுப் போகவில்லை. வீட்டுக்குள்ளேதான் இருந்தது. சின்னவனின் தொண்டையில் சிக்கிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. அதன் இடத்தில் புதிதாக வேறொரு சொல் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

"மேடம், அந்தத் தண்ணி ஜக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க."

மூத்த மருமகள் ஜக்கைத் தள்ளினாள். மாமியார்தான் கையிலிருந்த கரண்டியை ணங்கென்று வைத்தாள்.

"எந்த ஊர்லடா அண்ணியை மேடம்னு கூப்பிடுவாங்க? அப்போ நான் யாரு? சேர்மனா?"

"நீங்க எப்பவுமே சேர்மன்தாம்மா."

நாளிதழுக்குப் பின்னால் இருந்த பெரியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக அதை இருமலாக மாற்றிக்கொண்டான். தம்பி பக்கம் பேசினால் இரவுச் சாப்பாட்டில் தெரியும். மனைவி பக்கம் பேசினால் தம்பி அவனோடும் பேசமாட்டான். எதற்கு வம்பு என்று விளையாட்டுச் செய்திப் பக்கத்துக்குள் புகுந்துகொண்டான்.

சண்டை என்று பார்த்தால் பெரிய சண்டை இல்லை. ஒரே ஒரு வாக்கியம்.

மூத்தவள் பல வருஷம் கடைத்தெருச் சலவைக் கடையின் கவுண்டரில் நின்றவள். வாசலில் ஆள் வரும்போதே அவர் சட்டை எந்தக் கம்பியில் தொங்குகிறது என்று கை தானாகப் போகும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துத்தான் முதலாளி, ஊர் ஓரத்தில் இருக்கும் தன் பெரிய சலவைக் கூடத்துக்கு அவளை மேனேஜராக அனுப்பினார். ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஹோட்டல் துண்டுகளும் மலை மலையாக வந்து இறங்கும் இடம் அது. சின்னவன் அங்கே ஏற்கெனவே மெக்கானிக். அங்கே அவனுக்குப் பெயர் 'ஸ்பேனர்'.

போன வாரம் ஒரு மெஷின் நின்றுபோனது. லாரி வாசலில் காத்திருந்தது. பதற்றத்தில் மூத்தவள் கேட்டுவிட்டாள்:

"இதைக்கூடச் சரி பண்ண முடியலைன்னா எதுக்குத் தம்பி மெக்கானிக்குன்னு பேரு?"

அந்தக் கூடத்தில் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். ஆகவே கத்தித்தான் கேட்டாள். அவளுடைய போதாத நேரம், அதே வினாடியில் மற்ற மெஷின்களும் ஒரு சுற்று முடிந்து ஓய்ந்தன. அந்த வாக்கியம் மட்டும் தனியாகக் கூரை வரைக்கும் போய், எல்லோர் காதிலும் சாவகாசமாக இறங்கியது.

கொட்டிய அரிசியைப் பொறுக்கலாம். கொட்டிய சொல்லை என்ன செய்வது?

சாப்பிட்டு முடித்த சின்னவன் எழுந்து கை கழுவினான். அவனுக்காகக் கட்டி வைத்த சாப்பாட்டு டப்பாவைப் பார்க்காதவன் மாதிரி தாண்டிப் போனான். வாசலில் பைக் உறுமிய பிறகுதான் மாமியார் வாயைத் திறந்தாள்.

"சாயங்காலம் ரூம் பார்க்கப் போறானாம். தனியா இருக்கப் போறானாம். ஒரு டீ போடத் தெரியுமா அவனுக்கு? சுடுதண்ணியையே கருக விட்டுடுவான்."

"நான் பேசுறேன் அத்தை."

"நீ பேசினதாலதாம்மா இது!" என்று சொல்லிவிட்டு, மாமியாருக்கே மனசு கேட்கவில்லை. "சரி சரி, டப்பாவையாவது எடுத்துட்டுப் போ. கோபம் அவனுக்குத்தான், வயித்துக்குக் கிடையாது."

மூத்தவள் இரண்டு டப்பாக்களையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மனசுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் ஒருவன் பேசவில்லை. வேலையிடத்திலோ ஆட்களே மறைந்துகொண்டிருந்தார்கள்.

அதுதான் அவளுக்குப் புரியாத புதிர். முதலாளி அவளை ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பியிருந்தார். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் மேடையில் நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தார். ஊழியர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். உட்கார வையுங்கள். டீ கொடுங்கள். முதலில் பாராட்டுங்கள். பிறகு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. மனிதர்களைக் கவனித்தால் வேலை தன்னைத்தானே கவனித்துக்கொள்ளும்.

அவள் ஒரு வரி பிசகாமல் செய்தாள். முதலில் துண்டுப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டாள், உட்கார வைத்தாள், டீ கொடுத்தாள், பாராட்டினாள். அந்தப் பெண் தலையைக்கூடத் தூக்கவில்லை. மறுநாள் காலை மேனேஜர் மேசைமேல் அவளுடைய லாக்கர் சாவி கிடந்தது. ஆள் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை.

அடுத்தவர் துணி உலர்த்தும் மெஷினைப் பார்க்கும் டிரையர்காரர். கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் விழுங்கினார். "நல்லா இருங்க மேடம்" என்று கும்பிட்டார். மறுநாள் அவர் சாவியும் மேசைமேல்.

பாராட்டினால் ஓடிப்போகிற ஆட்களை அவள் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

முதலாளியோ நேற்றே போனில் சொல்லிவிட்டார். "ஆள் நிக்கணும்மா. லாரி நேரத்துக்குப் போகணும். இன்னொரு ஆள் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்னா, நீ பழையபடி கவுண்டருக்கே வந்துடு. தப்பா எடுத்துக்காதே."

கவுண்டர் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் போகும்போது தலை நிமிர்ந்து போனவள், வரும்போது குனிந்து வர வேண்டும். அதை நினைத்தாலே அவள் காது மடல் சுட்டது.

கூடத்துக்குள் நுழைந்ததும் சோப்புத் தண்ணீர் வாசனையும் சூடான துணி வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. இன்று கறையக்காவின் முறை.

கறையக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. வெளுத்து வரும் விரிப்புகளை மேசையில் விரித்து, போகாத கறை இருந்தால் ஒதுக்கி, மருந்து போட்டுத் தேய்த்து மறுபடி வெளுக்க அனுப்புவது அவர் வேலை. "எந்தக் கறையும் போயிடும், என் மாமியார் பேசின பேச்சைத் தவிர" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் நகைச்சுவை. அந்தக் கறையக்காவிடம் போன வாரம் ஏதோ தவறியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கட்டு விரிப்பு, கறை போகவில்லை என்று திரும்பி வந்தது. திட்டுவதற்காக அல்ல, என்னவென்று கேட்பதற்காகத்தான் மூத்தவள் கூப்பிட நினைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் ரூமுக்கு வாங்களேன்" என்றாள்.

கறையக்காவின் கை மேசைமேல் அப்படியே நின்றது. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடிப்பை நிறுத்தினார்கள்.

மேனேஜர் அறையில் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி இருந்தது. சிவப்பு மெத்தை வைத்தது. கூடத்தில் இருந்த எல்லாமே பழசு, அது மட்டும் நேற்று வாங்கியது மாதிரி இருந்தது. மெத்தையில் ஒரு பள்ளம் இல்லை.

"உட்காருங்க அக்கா."

கறையக்கா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"அட, உட்காருங்க. டீ சொல்லியிருக்கேன்."

டீக்காரர் உள்ளே வந்தார். சாதாரணமாக அவர் வரும்போது பாட்டு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். இப்போது துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி டம்ளர்களை வைத்தார். கறையக்காவை ஒரு பார்வை பார்த்தார். பெருமூச்சு விட்டார். போனார்.

கறையக்கா நாற்காலியின் நுனியில், மெத்தைக்கு வலிக்கக்கூடாது என்பது மாதிரி உட்கார்ந்தார்.

முதலில் பாராட்டு. மூத்தவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "உங்களை மாதிரி ஒரு ஆள் இந்த இடத்துக்குக் கிடைச்சது பெரிய விஷயம் அக்கா. இத்தனை வருஷமா நீங்க…"

கறையக்காவின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"அக்கா! என்ன ஆச்சு?"

அப்போதுதான் வெளியே டமார் என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து பலர் கூவும் குரல். "மேடம்! மடிக்கிற மெஷின்!"

"ஒரு நிமிஷம் இருங்க அக்கா, முக்கியமா பேசணும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

விரிப்புகளைத் தானாக மடித்துத் தள்ளும் பெரிய மெஷின் அது. பெல்ட் அறுந்து, பாதி மடித்த விரிப்பு ஒன்று நாக்கைத் துருத்துவது போல் வெளியே தொங்கியது. சின்னவன் ஏற்கெனவே அடியில் படுத்துவிட்டான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்க வாய் திறந்தாள். போன வாரம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. டீ ஆடை கட்டியிருந்தது. டம்ளர் பக்கத்தில் ஒரு சாவி.

மூன்றாவது சாவி.

கொஞ்ச நேரம் அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது. மேனேஜர் அறையின் சுவர் முழுக்கக் கண்ணாடி. அழுதால் ஊரே பார்க்கும். அந்தச் சௌகரியம்கூட அங்கே கிடையாது.

சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு நேராக மடிக்கும் மெஷினிடம் போனாள். தரையில் எண்ணெயும் நூல் பிசிறும் கிடந்தன. யோசிக்காமல் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெஷினுக்கு அடியில் குனிந்தாள்.

"தம்பி."

"பெல்ட் போயிடுச்சு மேடம். மாத்துப் பெல்ட் கடையிலேருந்து வரணும். சொல்லியாச்சு. சாயங்காலம் ஆகும்."

"அதைக் கேட்க வரலை."

உள்ளே ஸ்பேனர் மட்டும் டக் டக் என்றது.

"கறையக்காவும் போயிட்டாங்க. நான் எங்கேயோ தப்பு பண்றேன். எங்கேன்னு எனக்குத் தெரியலை. உனக்குத் தெரியும்னு தோணுது. என்மேல கோபம் இருக்கட்டும் தம்பி, நியாயம்தான். அதை மட்டும் சொல்லிட்டு அப்புறம் கோபமா இரு."

டக் டக் நின்றது. ஒரு கை வெளியே வந்து டார்ச்சை நீட்டியது.

"இதைப் பிடிங்க. இன்னும் கொஞ்சம் மேலே."

அவள் பிடித்தாள். வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. கன்னத்தில் கிரீஸ். அவளைப் பார்க்காமல் போல்ட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"பழைய மேனேஜர் இருந்தாரே… அவர் யாரையும் உட்கார வெச்சதே கிடையாது. எது சொன்னாலும் நிக்க வெச்சுதான் சொல்வார். ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும்னா மட்டும் ரூமுக்குக் கூப்பிடுவார். 'உட்காருங்க'ம்பார். டீ வரும். 'உங்களை மாதிரி ஆள் கிடைக்குமா'ன்னு ரெண்டு வார்த்தை நல்லா சொல்வார். அவ்வளவுதான். டம்ளர் காலியாகும்போது சாவியை வெச்சுட்டுக் கிளம்பணும். அந்த நாற்காலியில உட்கார்ந்தவங்க யாரும் மறுநாள் வேலைக்கு வந்ததில்லை."

மூத்தவள் டார்ச்சைத் தாழ்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"டீயுமா?"

"டீயும்தான். அதுவும் நீங்க இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுக்கச் சொன்னீங்களாம். 'ஐயோ, இந்தம்மா ரொம்ப மோசம், பழைய ஆளாவது வெறும் டீயில முடிச்சார்'னு பேசிக்கிறாங்க."

சிரிப்பதா, அந்த மெஷினுக்குள்ளேயே தலையை விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"சொல்லியிருக்கணும்." அவன் போல்ட்டை விட்டுவிட்டான். "முதல் சாவி விழுந்தப்பவே சொல்லியிருக்கணும். நாலு பேர் முன்னாடி நீங்க கேட்டது முள்ளு மாதிரி உள்ளேயே நின்னுடுச்சு. நீங்களும் கொஞ்சம் திணறட்டும்னு விட்டுட்டேன். ஆனா கறையக்காவையும் கூப்பிடுவீங்கன்னு நினைக்கலை."

"மத்த மெஷினையெல்லாம் ஒரு நிமிஷம் நிறுத்த முடியுமா தம்பி?"

"எதுக்கு?"

"நிறுத்தேன்."

அவன் எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினான். கூடமே திடீரென்று காது அடைத்துப்போன மாதிரி ஆனது. எல்லோரும் திரும்பினார்கள். மூத்தவளின் உடை முழுக்க நூல் பிசிறு. கையில் இன்னும் எரிகிற டார்ச்.

"போன வாரம் இவரை நான் எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை கேட்டேன். தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும்தான் திருப்பி எடுக்கணும், அதான் நிறுத்தச் சொன்னேன். மன்னிச்சுக்க தம்பி." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணு. அந்த நாற்காலி விஷயம் இப்பத்தான் எனக்குத் தெரியும். சத்தியமா நான் யாரையும் அனுப்பக் கூப்பிடலை. பேசத்தான் கூப்பிட்டேன்."

கூட்டத்துக்குப் பின்னால் டீக்காரரின் குரல் மட்டும் கேட்டது.

"அப்போ அந்த இஞ்சி டீ…?"

"அது நிஜமாவே மரியாதைக்குத்தான் அண்ணே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு தொற்றிக்கொண்டது. சின்னவன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைப் போட்டான். அவன் காது சிவந்திருந்தது.

மூத்தவள் வாசலுக்கு ஓடினாள்.

எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் கறையக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. லாக்கரில் இருந்த செருப்பும் சீப்பும் மூடி போட்ட டம்ளரும் அதில் துருத்திக்கொண்டு தெரிந்தன. நல்லவேளை, அந்தப் பாதையில் பஸ் எப்போதுமே நேரத்துக்கு வராது. வாழ்க்கையில் முதல்முறையாக மூத்தவள் அதற்காக நன்றி சொன்னாள்.

"அக்கா!"

"நீங்க எதுக்கு மேடம் வெயில்ல? சாவி மேசையிலயே இருக்கு."

"மடிக்கிற மெஷின் நின்னுபோச்சு. எல்லாத்தையும் கையாலதான் மடிக்கணும். ஆள் வேணும்."

"என்னைத்தான் உட்கார வெச்சுட்டீங்களே."

"அதுக்குத்தான் வந்தேன். இப்போ எழுந்திரிங்கன்னு சொல்றேன்."

கறையக்கா நிமிர்ந்து பார்த்தார். மூத்தவள் சாவியை நீட்டினாள். "அந்த நாற்காலிக்கு என்ன அர்த்தம்னே எனக்குத் தெரியாதுக்கா. இப்பத்தான் என் கொழுந்தன் சொன்னான். நான் கடையில கவுண்டர்ல நின்னவ. அங்கே எங்களுக்கெல்லாம் நாற்காலியே கிடையாது. ஒருத்தரை உட்காரச் சொன்னா அது பெரிய மரியாதைன்னுதான் இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன்."

கறையக்காவின் உதடு துடித்தது. கொஞ்ச நேரம் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு சிரிப்புதான் என்று முடிவானது.

"நான் வேற, டீ ஆறிடுச்சேன்னு குடிக்காம வந்துட்டேன்" என்று எழுந்தார்.

பிறகு அந்தக் கூடத்தில் நடந்தது யாரும் பார்த்திராத காட்சி. மேனேஜர் அறை பூட்டிக் கிடந்தது. மேனேஜர் வெளியே நின்று விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி விரிப்பு அகலமானது. ஒருவரால் மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடிக்க வேண்டும். உதறி இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது முகத்துக்கு முகம் பார்த்துத்தான் ஆக வேண்டும். மறுபடி விலக வேண்டும். மறுபடி வர வேண்டும்.

முதல் விரிப்பில் கறையக்கா முனைகளை மட்டும் பார்த்து மடித்தார். இரண்டாவதில், "உங்களுக்கு இழுக்கத் தெரியலை மேடம், வலது கையைத் தளர்த்துங்க" என்றார். அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது. மகளுக்கு வேலை கிடைத்தது, தண்ணீர்க் குழாயில் காற்று மட்டும் வருவது, முழங்கால் வலி எல்லாம் வந்தன. நடந்து வரும்போது ஒரு பாதி, விலகிப் போகும்போது மறு பாதி.

அப்படி ஒருமுறை பக்கத்தில் வந்தபோதுதான் மூத்தவள் அதைக் கவனித்தாள். விரிப்பின் ஓரத்தைப் பார்க்கக் கறையக்கா அதைக் கிட்டே கொண்டுபோகவில்லை. கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, தலையையும் பின்னால் சாய்த்துப் பார்த்தார்.

கவுண்டரில் எத்தனையோ பேர் ரசீதை அப்படிப் பிடித்துப் படிப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

விலகிப் போனாள். திரும்பி வரும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, கிட்டத்துல இருக்கிறது மங்கலா தெரியுதா?"

கறையக்கா நின்றுவிட்டார். விரிப்பு இருவருக்கும் நடுவில் தொய்ந்தது.

"யாருக்கும் சொல்லிடாதீங்க மேடம். கண்ணு போச்சுன்னா கறை மேசையில எனக்கு என்ன வேலை? போன வாரம் திரும்பி வந்த கட்டு… நான்தான் விட்டுட்டேன். அதுக்குத்தான் கூப்பிட்டீங்கன்னு நினைச்சேன்."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். என்னாச்சுன்னு கேட்க."

"கேட்கவா?"

"கேட்க மட்டும்தான். கண்ணு ஒண்ணும் போகலைக்கா, ஒரு கண்ணாடி போட்டா போதும். என் மாமியார் இப்படித்தான் ஊசியில நூல் கோர்க்க ஊரையே கூப்பிடுவாங்க. கண்ணாடி போட்டதும் இப்போ என் சமையல்ல தூசி கண்டுபிடிக்கிறாங்க." விரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போயிட்டு அப்புறம் வேலைக்கு வாங்க. கண்ணாடி வர்ற வரைக்கும் மேசையை ஜன்னல் பக்கம் போட்டுக்கலாம். கூட ஒரு பொண்ணு நிக்கட்டும். நீங்க விரலால தடவிப் பாருங்க, அவ கண்ணால பார்க்கட்டும்."

கறையக்கா முனைகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது மூத்தவளின் விரல்களைச் சேர்த்து ஒருமுறை அழுத்தினார். பிறகு உரக்கச் சொன்னார். "வலது கையைத் தளர்த்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது மேடம்?"

மூத்தவள் ஒவ்வொருவரோடும் ஜோடி மாற்றி மடித்தாள். வகுப்பில் சொன்ன கேள்விகள் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே பதில்கள் வந்தன. கூடத்தின் பின்பக்க மின்விசிறி வருஷக்கணக்கில் ஓடவில்லை என்பது ஒரு விரிப்பில் தெரிந்தது. வெந்நீர்க் குழாய் கையைச் சுடுவது இன்னொரு விரிப்பில்.

டீக்காரர் போனோடு வந்தார். "டிரையர்காரன் என் தெருதான் மேடம். என் நம்பர்னா எடுப்பான்."

டிரையர்காரரும் எடுத்தார். "மேடம் பேசணுமாம்டா" என்றதும் அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல ஒரு கேள்வி வந்தது. "உட்காரச் சொல்வாங்களா?"

"உட்காரவா? எங்க முட்டி கழண்டு போச்சு, எல்லாரும் நின்னுக்கிட்டுதான் இருக்கோம். நீயும் வந்து நில்லு!"

நாளைக்கு வருவதாகச் சொன்னார். துண்டுப் பிரிவுப் பெண் மட்டும் யார் நம்பரிலிருந்து கூப்பிட்டும் எடுக்கவில்லை. வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று மூத்தவள் மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள்.

நாற்காலியை என்ன செய்வது? சின்னவன்தான் அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்தான்.

"கறையக்கா, ஜன்னல் பக்கம் மேசை போடறோம்ல, இதையும் போட்டுக்கங்க. முழங்காலுக்கு நல்லது."

"ஐயோ சாமி! அது மட்டும் வேண்டாம். தரையில வேணா உட்கார்றேன்."

யாரும் அதன் பக்கத்தில் வரவில்லை. சுற்றி நின்று பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். மூத்தவளுக்குக் கால் கடுத்தது. காலையிலிருந்து ஓடியதும் குத்துக்காலிட்டதும் மடித்ததும் சேர்ந்து இடுப்பைப் பிடித்தது. நேராகப் போனாள். சிவப்பு மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

கூட்டம் மொத்தமும் 'ஹா' என்று மூச்சை இழுத்தது.

"ஒரு டீ கொடுங்கண்ணே. இஞ்சி தட்டி."

சின்னவனுக்கு அடக்க முடியவில்லை. கிரீஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எழுந்திரிங்க அண்ணி! உங்க வேலைக்கு உலை வெச்சுக்கிறீங்க!" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவளுக்கும்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். டீக்காரர் மட்டும் எல்லாம் புரிந்தவர் மாதிரி, "ஸ்பேனருக்கும் ஒரு டீயா?" என்று கேட்டார்.

"அவன் இன்னும் சாப்பிடவே இல்லை. முதல்ல சாப்பாடு" என்று அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு பெல்ட் வந்தது. ஆனால் அதற்கு அவ்வளவாக வேலை இல்லை. மடித்த விரிப்புகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. லாரி வாசலைத் தாண்டும்போது வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. யாரோ விசிலடித்தார்கள்.

மாலையில் மாமியார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பைக் வந்தது. பின்னால் உட்கார்ந்து வந்தது யார் என்று பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். மருமகளேதான்.

பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையில் பையிலிருந்து டப்பாக்களை எடுத்துத் திறந்தாள். சின்னவனின் டப்பா வழித்து வைத்தது மாதிரி காலியாக இருந்தது. அந்தக் காலி டப்பாவைப் பார்த்ததும் மாமியாரின் முகத்தில் ஒரு வாரமாக இறுகியிருந்த ஏதோ ஒன்று கழன்றது.

"ஏன்டா, ரூம் பார்க்கப் போகலையா?" என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

"பார்த்தாச்சும்மா. வழியில ரெண்டு பேருமா போய்ப் பார்த்தோம். வெளிச்சமே இல்லை. அண்ணி வேண்டாம்னுட்டாங்க."

"யாரு வேண்டாம்னா?"

"அண்ணிம்மா!"

"சரியா கேட்கலை."

"அண்ணி! அண்ணி! அண்ணி! போதுமா சேர்மன்?"

பெரியவன் நாளிதழை மடித்துக் கீழே வைத்தான். இனிமேல் அதற்குப் பின்னால் ஒளிய வேண்டியதில்லை என்ற தைரியத்தில் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். கால்களை நீட்டி, சுவரில் சாய்ந்து, அன்றைக்கு முதல்முறையாக முழு மூச்சு விட்டாள்.

அப்போது அவள் போன் அடித்தது. திரையில் முதலாளி.

"வணக்கம்மா. லாரி நேரத்துக்கு வந்துடுச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ரொம்ப நல்லா பண்ணியிருக்கே. உன்னை மாதிரி ஒரு ஆள் கிடைக்கிறது கஷ்டம்." அவர் குரல் தேனாக இருந்தது. "நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வந்துடு. உட்கார்ந்து ஒரு டீ குடிச்சுக்கிட்டே பேசுவோம்."

போன் வைக்கப்பட்டது. மூத்தவள் அதைக் கையில் பிடித்தபடி சின்னவனைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டிருந்தது.

"பாராட்டிட்டாரு" என்றான் சின்னவன் மெதுவாக.

"டீ வேற" என்றாள் அவள்.

பெரியவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்ல விஷயம்தானே? ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி முழிக்கிறீங்க?"

மாமியாருக்கும் கதை முழுக்கத் தெரியாது, நாற்காலி விஷயத்தை மட்டும் சின்னவன் காதில் போட்டிருந்தான். ஆனால் முகம் பார்த்தே பாதியைப் படித்துவிடுகிறவள். மருமகளின் பக்கத்தில் வந்து, கலைந்திருந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"போயிட்டு வா. ஆனா அவரு என்ன பேசுறார்னு தெரியற வரைக்கும் உட்காராதே. நின்னுக்கிட்டே கேளு."